எம்.எஸ்சி. தடய அறிவியலா, வேதியியலா? தாராபுரம் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: ஐயா, நான் தாராபுரம் வட்டத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள், உடுமலைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்து எம்.எஸ்சி. தடய அறிவியல் படிக்க ஆசைப்படுகிறேன். வெளியூர்க் கல்லூரி ஒன்றின் சேர்க்கை ஆலோசகர் போனில் பேசி, படித்து முடித்தவுடன் அரசு ஆய்வகத்தில் வேலை கிடைக்கும் என்கிறார். மாமாவோ, வேதியியலிலேயே எம்.எஸ்சி. முடித்து பி.எட். சேர்ந்துவிடு, பெண் பிள்ளைக்கு அதுதான் நல்லது என்கிறார். எதைப் படிப்பது? பிணங்களைப் பார்க்க வேண்டியிருக்குமா? பெண்களுக்கு ஏற்ற வேலைதானா? இன்னொரு சந்தேகமும் உண்டு. அப்பா இரண்டு ஏக்கரில் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், வைத்திருக்கிறார். காய் உடைத்து விதை எடுக்கும் நாட்களில் நாங்கள் எல்லோரும் வெறுங்கையோடுதான் உட்காருகிறோம். அதில் நஞ்சு உண்டு என்கிறார்களே, உடம்புக்குக் கெடுதலா?

பதில்: காரணங்களை விரிப்பதற்கு முன்னால் முதல் கேள்விக்கு விடையைச் சொல்லிவிடுகிறேன். வேதியியலில் முதுநிலை படித்தாலும் தடய அறிவியலில் முதுநிலை படித்தாலும், வேதியியல் உங்கள் கையைவிட்டுப் போகாதபடி படிக்க வேண்டும். உங்கள் குடும்ப நிலையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், கோவை அரசு கலைக் கல்லூரியிலோ பாரதியார் பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்சி. வேதியியல் இடம் கிடைக்குமானால் அதைத்தான் முதலில் வைப்பேன். தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற ஓர் அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்து, செலவையும் வீட்டில் தாங்க முடியுமானால் அது இரண்டாவது. போனில் பேசிய ஆலோசகரின் கல்லூரியை, இப்போதைக்கு, பட்டியலிலேயே சேர்க்கமாட்டேன்.

அரசு ஆய்வகம் ஒன்றின் நஞ்சியல் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன். தடய அறிவியல் என்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரே துறையாகத் தோன்றும். உள்ளே போனால் அப்படி ஒன்று இல்லை. நஞ்சியல், மதுவிலக்கு, போதைப்பொருள், வெடிபொருள் ஆகிய பிரிவுகளில் வேதியியல் படித்தவர்கள் இருப்பார்கள். உயிரியல், குருதியியல், டி.என்.ஏ. பிரிவுகளில் உயிர் அறிவியல் படித்தவர்கள். துப்பாக்கியியலிலும் இயற்பியல் பிரிவிலும் இயற்பியல்காரர்கள். கணினித் தடயவியலில் கணினி படித்தவர்கள். ஆவணப் பிரிவில் கையெழுத்தை ஒப்பிடுகிறவருக்கும், மானுடவியல் பிரிவில் மண்டையோட்டைப் புகைப்படத்தோடு பொருத்திப் பார்க்கிறவருக்கும் தேவைப்படும் பயிற்சி முற்றிலும் வேறு. சென்னையில் 1849-ஆம் ஆண்டிலேயே அரசின் வேதியியல் ஆய்வாளர் கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. நஞ்சு கலந்த உணவிலும் இறந்தவரின் உள்ளுறுப்பிலும் என்ன இருக்கிறது என்று சொல்வதே அதன் முதன்மையான வேலை. இன்றைய துறையின் வேர் வேதியியலில்தான் இருக்கிறது என்பதை, வேதியியல் மாணவியான நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

பிரிவுகள் இப்படிப் பாடவாரியாக இருப்பதால் ஆள் எடுப்பதும் பாடவாரியாகவே நடக்கிறது. மத்திய தடய அறிவியல் ஆய்வகங்களுக்கு மத்தியப் பணியாளர் தேர்வாணையம் வெளியிடும் அறிவிக்கைகளை எடுத்து, கல்வித் தகுதி என்ற பத்தியை மட்டும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். வேதியியல் பிரிவுப் பணிக்கு வேதியியல், உயிர்வேதியியல் முதலிய பட்டங்களோடு தடய அறிவியல் முதுநிலைப் பட்டத்தையும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் இளநிலையில் மூன்றாண்டுகளும் வேதியியலை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கும். பட்டத்தின் பெயரைக் காட்டிலும் அதற்குக் கீழே இருக்கும் அடிப்படைப் பாடத்தைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். பி.எஸ்சி.யே தடய அறிவியலில் படித்துவிட்டு, எந்த அடிப்படை அறிவியலிலும் போதிய ஆழம் இல்லாமல் வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். அவர்கள்மேல் குற்றமில்லை, அந்த வயதில் அதை எடுத்துச் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தமிழ்நாட்டில் துறையின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் எழுத்துத் தேர்வு நடத்துகிறது. அங்கும் பாடத்தாள்தான் உங்களை மேலே கொண்டுபோகும். தமிழ்த் தகுதித் தாள் ஒன்றும் உண்டு, அதை இலேசாக நினைத்துவிட வேண்டாம்.

வேதியியலின் ஆழம் என்று நான் சொல்வது என்ன என்பதை உங்கள் தோட்டத்துப் பயிரைக் கொண்டே விளக்குகிறேன். நான் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், உங்கள் வட்டாரத்திலிருந்து ஓர் உள்ளுறுப்பு வழக்கு வந்தது. நடுத்தர வயதுக்காரர்; கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, மூன்றாம் நாள் இறந்திருந்தார். காவல் நிலையக் குறிப்பில் பூச்சிமருந்து என்று சந்தேகம் எழுதியிருந்தார்கள். அந்நாளில் நம் பக்கத்து உள்ளுறுப்பு வழக்குகளில் பெரும்பகுதி பூச்சிமருந்துதான் என்பதால் நானும் அந்த வழியிலேயே தேடினேன். ஆர்கனோபாஸ்பேட் இல்லை, கார்பமேட் இல்லை. பிறகு தாவரங்களில் இருக்கும் அல்கலாய்டு நஞ்சுகளைத் தேடும் வழக்கமான பிரித்தெடுப்பைச் செய்தேன். அதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. நஞ்சு ஏதும் கண்டறியப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அறிக்கை வரைவைப் பார்த்த மூத்த அலுவலர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த வீட்டில் என்ன வெள்ளாமை?"

விசாரித்தால் கண்வலிக்கிழங்கு. அதிலிருக்கும் நஞ்சு கோல்ச்சிசின். இப்போது நீங்கள் படித்த அடிப்படைப் பாடத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலான அல்கலாய்டுகளில் நைட்ரஜன் அமீன் வடிவில் இருப்பதால் அவை காரத்தன்மை உடையவை. அமிலக் கரைசலில் உப்பாகி நீரிலேயே தங்கிவிடும். கரைசலைக் காரமாக்கிய பிறகே குளோரோஃபார்முக்கு வரும். 1850-இல் பெல்ஜியத்தில் ஒரு கொலை வழக்கில் நிக்கோட்டினைக் கண்டுபிடிக்க ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் வகுத்த முறை இந்த இயல்பைத்தான் பயன்படுத்துகிறது; அதை ஓட்டோ என்ற ஜெர்மன் வேதியியலாளர் செம்மைப்படுத்தியதால் இன்றும் ஸ்டாஸ்-ஓட்டோ முறை என்கிறோம். ஆனால் கோல்ச்சிசினில் நைட்ரஜன் அமைடு வடிவில் இருக்கிறது. அதனால் அதற்குக் காரத்தன்மை அநேகமாக இல்லை. அமில நிலையிலேயே குளோரோஃபார்மோடு வந்துவிடும். காரநிலைப் பகுதியில் மட்டும் அல்கலாய்டைத் தேடிக்கொண்டிருந்த நான், அது இருந்த அமிலநிலைப் பகுதியை வேறு நஞ்சுகளுக்கு மட்டும் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்திருந்தேன். நல்ல வேளையாகக் கொட்டிவிடவில்லை. வெளிச்சம் பட்டால் கோல்ச்சிசின் வேறொரு சேர்மமாக மாறிவிடும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் குடுவை அலமாரிக்குள் இருட்டில் இருந்தது என் திறமையால் அன்று, இடம் இல்லாத காரணத்தால்.

அந்த மனிதர் வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்றாரா, வேறு ஏதாவதா என்பது ஆய்வகத்தின் கேள்வி அன்று. அது விசாரணை அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. ஆனால் அமைடுக்கும் அமீனுக்கும் உள்ள வேறுபாடு ஒரு தேர்வு மதிப்பெண்ணோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை என்பது அன்று எனக்குப் புரிந்தது. எந்தப் பட்டம் எடுத்தாலும் இந்த அறிவு உங்களிடம் இருக்க வேண்டும். எம்.எஸ்சி. தடய அறிவியலில் நான்கு பருவங்களுக்குள் குற்றவியல், சட்டம், கைரேகை, ஆவணம், துப்பாக்கி, டி.என்.ஏ., நஞ்சியல் எல்லாவற்றையும் கற்பிக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றிலும் செலவிடக் கிடைக்கும் நேரம் இயல்பாகவே குறைவு. நல்ல நிறுவனங்கள் பிற்பாதியில் ஒரு சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி இதை ஈடு செய்கின்றன. அத்தகைய இடத்தில் சேர்ந்தால் நஞ்சியலையோ தடய வேதியியலையோ தவிர வேறொன்றை எடுக்காதீர்கள்.

தடய அறிவியல் பட்டத்துக்கு மதிப்பில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேதியியல் மட்டும் படித்துவிட்டுப் பணிக்கு வந்தவர்கள் தடுமாறுகிற இடங்கள் உண்டு, நானே தடுமாறியிருக்கிறேன். என் முதல் சாட்சியத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேதியியலில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பொட்டலத்தின் அரக்கு முத்திரை எத்தனை, மாதிரி முத்திரையோடு ஒத்திருந்ததா, யார் கொண்டுவந்து கொடுத்தார், எந்தத் தேதியில் பெற்றீர்கள், எந்தத் தேதியில் பிரித்தீர்கள், இடைப்பட்ட நாட்களில் எங்கே வைத்திருந்தீர்கள், நீங்கள் எடை போட்ட தராசு கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று வரிசையாகக் கேட்டார். தராசுக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கூண்டிலிருந்து இறங்கும்போது சட்டை நனைந்திருந்தது. உள்ளுறுப்பைப் பதப்படுத்தப் பயன்படுத்திய நிறைசெறிவு உப்புக் கரைசலின் மாதிரியையும் தனியே அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் நஞ்சு உடலிலிருந்து வந்ததா உப்பிலிருந்து வந்ததா என்று கேட்டே வழக்கைக் குலைத்துவிடலாம் என்பதெல்லாம் எம்.எஸ்சி. வேதியியல் பாடத்திட்டத்தில் வராது. அரசு அறிவியல் வல்லுநர்களின் அறிக்கையை நேரில் விசாரிக்காமலேயே சான்றாக ஏற்கலாம் என்று சட்டம் சொல்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு. ஆயினும் நீதிமன்றம் விரும்பினால் அழைக்கலாம். நஞ்சு வழக்குகளில் அழைப்பு வரத்தான் செய்யும். இவற்றை முறையாக வகுப்பில் கற்றுவருவது தடய அறிவியல் மாணவருக்கு உள்ள உண்மையான நன்மை. வேதியியல் வழியில் போனால் இதை நீங்களாகவே படித்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன இரு பிரிவுகளோடு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் வல்லுநர் கருத்தைப் பற்றிப் பேசும் 39-ஆம் பிரிவையும் படித்தால் தொடக்கத்துக்குப் போதும்.

படிக்கும் இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குஜராத்தின் காந்திநகரில் மாநிலப் பல்கலைக்கழகமாக இருந்தது, 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகமாயிற்று. தில்லி, கோவா, கர்நாடகத்தின் தார்வாட் உள்ளிட்ட ஊர்களில் அதற்கு வளாகங்கள் உள்ளன. சேர்க்கைக்கு அவர்களே தேசிய அளவில் நுழைவுத் தேர்வு நடத்துகிறார்கள். கருவிகள் அங்கே உண்மையாகவே இருக்கின்றன. கட்டணம் நம் அரசுக் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிடக்கூடியதன்று என்பதையும் அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மத்தியப் பிரதேசத்தின் சாகரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகம் இந்தப் படிப்பில் நாட்டிலேயே மிகப் பழமையானவற்றுள் ஒன்று. அங்கே சேர மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் இந்த முதுநிலை உண்டு. நம் மாநிலத்திலும் பக்கத்து மாநிலங்களிலும் தனியார் நிறுவனங்கள் பல தொடங்கியிருக்கின்றன. அவற்றுள் நல்லவையும் உண்டு, பலகை மட்டும் மாட்டியவையும் உண்டு.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். அந்த ஆலோசகரிடம் வேலையைப் பற்றிப் பேசாதீர்கள். உங்கள் கல்லூரியில், கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அடையாளம் காட்டும், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோடு இணைந்த வாயு நிறப்பிரிகைக் கருவி இருக்கிறதா, மாணவர்கள் அதைத் தாங்களே இயக்குகிறார்களா, அல்லது ஆண்டுக்கொருமுறை வேறிடத்துக்கு அழைத்துப்போய்க் கண்ணாடிக்குப் பின்னால் நின்று காட்டுவீர்களா என்று கேளுங்கள். நஞ்சியல் கற்பிக்கும் ஆசிரியரின் பெயரையும் அவர் என்ன படித்தார் என்பதையும் கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் நேரான பதில் வராவிட்டால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். படித்து முடித்தவுடன் அரசு ஆய்வகத்தில் வேலை என்று எந்தக் கல்லூரியும் வாக்குக் கொடுக்க முடியாது; அரசுப் பணிக்கு அறிவிக்கையும் தேர்வும் இடஒதுக்கீட்டுக்கான இனச்சுழற்சியும் உண்டு, அவற்றின்மேல் கல்லூரிக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆறு மாத இணையவழிச் சான்றிதழ்கள் பல விற்கப்படுகின்றன. அவற்றை நியமனத்தின்போது யாரும் ஒரு பொருட்டாக மதித்து நான் பார்த்ததில்லை.

உங்கள் மாமா சொன்னதை நீங்கள் எதிர்ப்பாகவே எழுதியிருந்தாலும், அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டுமானால் அந்தந்தப் பாடத்திலேயே முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் கேட்பார்கள். எம்.எஸ்சி. வேதியியல் படித்தால் அந்தக் கதவு திறந்தே இருக்கும். தடய அறிவியல் படித்தால் பெரும்பாலும் மூடிவிடும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உணவுப் பகுப்பாய்வாளர் ஆவதற்கான தேர்வுக்கும் வேதியியல் முதுநிலை ஏற்கப்பட்ட தகுதி. அதற்கு உணவுப் பகுப்பாய்வில் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். கோவையிலும் சேலத்திலும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. ஆகவே மாமாவிடம், அவர் சொன்ன எம்.எஸ்சி.யைத்தான் படிக்கப் போகிறேன், பி.எட்.டை மட்டும் இரண்டாண்டு தள்ளி வைக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

ஏன் தள்ளி வைக்கச் சொல்கிறேன் என்றால், அரசுத் தேர்வு அறிவிக்கைகள் ஆண்டுதோறும் வருவதில்லை. இடைவெளி நீளும், அந்த இடைவெளியில் சும்மா இருந்தால் கை மறந்துவிடும். நம் கொங்கு நாட்டில் வேதியியல் படித்தவருக்குச் சோதனைக்கூட வேலை கிடைப்பது அவ்வளவு அரிதன்று. திருப்பூரில் பின்னலாடைத் துணியைச் சோதிக்கும் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்கள் இருக்கின்றன. கோவையில் 1956 முதல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. துணிச் சோதனைக்கும் தடய அறிவியலுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். ஒரு வழக்கில் இறந்தவரின் நகக்கண்ணில் ஒரே ஒரு சிவப்பு நூலிழை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பருத்தியா பாலியெஸ்டரா என்பது நுண்ணோக்கியில் தெரிந்துவிடும். சாயத்தைப் பிரிப்பதுதான் கடினம். பாலியெஸ்டரில் ஏற்றிய சாயத்தைத் தகுந்த கரைப்பானில் இறக்கிவிடலாம்; பருத்தியில் ஏற்றிய ரியாக்டிவ் சாயமோ இழையோடு வேதிப்பிணைப்பே ஏற்படுத்திக்கொண்டிருப்பதால் கரைப்பானுக்கு அசையாது, இழையையே சிதைத்துத்தான் எடுக்க வேண்டும். இதைத் திருப்பூர்ச் சாயப்பட்டறையின் சோதனைக்கூடத்தில் இரண்டாண்டு இருந்த பெண் எங்களில் பலரைவிட நன்றாகச் செய்வாள். அப்படிப்பட்ட வேலையில் இருந்துகொண்டே வாயு நிறப்பிரிகையும் நீர்ம நிறப்பிரிகையும் கையாளக் கற்றுக்கொண்டால், அனுபவம் கேட்கும் மத்திய அரசு அறிவிக்கைகளுக்கும் அது அடித்தளமாகும். எந்தக் கருவியில் எத்தனை மாதம், என்ன பகுப்பாய்வு என்பதைத் தெளிவாக எழுதிய சான்றிதழை நிறுவனத்திடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டுயிர்க் குற்றங்கள் என்றொரு பக்கமும் நம் பகுதியில் உண்டு. சத்தியமங்கலத்திலும் கோவை மலையடிவாரத்திலும் காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியைக் கடித்து யானை வாய் கிழிந்து சாகும் செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். மிச்சமிருக்கும் பொடியில் குளோரேட் இருக்கிறதா, சல்பைடு இருக்கிறதா என்று பார்ப்பதும் வேதியியலாளரின் வேலைதான். பிடிபட்ட இறைச்சி ஆடா, மானா என்று சொல்வது டி.என்.ஏ. வேலை, அது உங்கள் வழி அன்று. கணினித் தடயவியலுக்குத் தனியார் துறையில் நல்ல தேவை இருக்கிறது என்பதற்காக அதன்பின் போய்விடாதீர்கள், உங்கள் மூன்றாண்டு உழைப்பு வீணாகும்.

தேர்வுகளில் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். கல்லூரி ஆசிரியப் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான நெட் தேர்வில் தடய அறிவியல் ஒரு தனிப் பாடமாக இருக்கிறது. பிற்காலத்தில் ஆராய்ச்சிக்குப் போக நினைத்தால் அது உதவும். மத்திய தடய அறிவியல் இயக்ககத்துக்காக நடத்தப்படும் ஃபேக்ட் எனும் தகுதித் தேர்வும் உண்டு. அது ஒரு தகுதிச் சான்று, வேலை உத்தரவு அன்று.

பிணங்களைப் பார்க்க வேண்டியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரேதப் பரிசோதனை மருத்துவர்களின் வேலை, அதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டும், அதில் வல்லுநராக வேண்டுமானால் தடயவியல் மருத்துவத்தில் எம்.டி.யும் வேண்டும். ஆய்வகத்துக்கு வருவது கண்ணாடிக் குடுவைகள்: ஒன்றில் இரைப்பையும் அதன் உள்ளடக்கமும், இன்னொன்றில் கல்லீரல் துண்டும் சிறுநீரகமும், வேறொன்றில் இரத்தம். பார்ப்பதற்குப் பழகிவிடும். நாற்றத்துக்குப் பழக எனக்கு ஓராண்டு ஆயிற்று. அழுகிய உள்ளுறுப்புக் குடுவையைத் திறந்த நாளில் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன். ஆனால் ஆய்வகத்துக்கு உள்ளேயே இருந்துவிடலாம் என்று இனி நினைக்க முடியாது. மாவட்டங்களில் நடமாடும் தடய அறிவியல் ஆய்வகங்கள் முன்பே இருக்கின்றன. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த, மேலே சொன்ன பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கே சென்று சான்றுகளைச் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் தரப்பட்டிருக்கிறது. துறையில் ஆள் தேவை கூடும் என்பதற்கு இது ஒரு காரணம். நள்ளிரவில் போன் வந்து கிணற்றடிக்கோ தண்டவாளத்துக்கோ போக வேண்டியிருக்கும் என்பதற்கும் இதுவே காரணம்.

பெண்களுக்கு ஏற்றதா என்ற கேள்வியை உங்களைக் கேட்க வைத்தது ஊர்தான் என்று நினைக்கிறேன், நீங்கள் அல்ல. நான் பணிபுரிந்த பிரிவில் சில ஆண்டுகள் பெண்களே எண்ணிக்கையில் அதிகமாக இருந்தார்கள். சாட்சிக் கூண்டில் என்னைவிட நிதானமாக நின்றவர்களும் அவர்கள்தாம். இடமாற்றம் உண்டு, நிகழ்விடப் பயணம் உண்டு, வெளி மாவட்ட நீதிமன்றங்களுக்குச் சம்மனோடு போய்க் காத்திருப்பது உண்டு. கைக்குழந்தை இருக்கும் ஆண்டுகளில் இது கடினம் என்பதை மறைக்கமாட்டேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டதைப் போன்ற நேரங்களில், ஆணோ பெண்ணோ, இந்தத் துறையில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போக நேரம் பார்க்க முடியாது.

இனி உங்கள் தோட்டத்துக் கேள்வி. கண்வலிக்கிழங்குச் செடியின் எல்லாப் பகுதியிலும் கோல்ச்சிசின் இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. மருந்துக்காக விதையை விலைகொடுத்து வாங்குவதே அதற்காகத்தான். தோலின் வழியாக அது எளிதில் உள்ளே போவதில்லை. ஆபத்து வாயின் வழியாகவும் தூசியின் வழியாகவும்தான். காய் உடைக்கும்போது ரப்பர் கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் மூடி, காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். களத்திலேயே உட்கார்ந்து சோறு உண்பதும் வெற்றிலை போடுவதும் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் எதையும் வாயில் வைக்க வேண்டும். கையால் மகரந்தம் சேர்க்கும் நாட்களிலும் இதே கவனம் வேண்டும். விதைக்கிழங்கைச் சமையற்கட்டுக்குப் பக்கத்தில் வள்ளிக்கிழங்கோடு ஒரே மூலையில் போட்டு வைக்காதீர்கள். காய்த்தோலையும் தண்டையும் ஆடு மாடுகள் எட்டாத இடத்தில் கொட்டுங்கள். கை எரிச்சல் நிற்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். யாராவது தவறித் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. அறிகுறி தெரியவே சில மணி நேரம் ஆகும், அதற்குள் நஞ்சு உடலில் பரவிவிடும். உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பூச்சிமருந்து என்று அவர்களாக நினைத்துக்கொள்ள விடாமல், இன்ன கிழங்கு என்று சொல்லி, ஒரு துண்டைக் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.